வாசகர் கேள்வி – பதில்: வழக்கம்போல 200 கிராம்

கேள்வி: கம்பத்தில் சின்னக் கடை வைத்துக் காப்பிப் பொடி அரைத்துக் கொடுக்கிறேன். 3 கிலோ பிடிக்கும் வறுவல் டிரம், ஓர் அரவை மிஷின், ஆள் நான் ஒருவன்தான். பக்கத்துத் தெருவில் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. பாக்கெட் பொடிக்கு அவர்கள் தரும் தள்ளுபடி எனக்குக் கட்டுப்படியாகாது. என்ன செய்யலாம்?
– கம்பம் வாசகர்

பதில்: தள்ளுபடிப் பக்கமே போகாதீர்கள். உங்களுக்குக் கைகொடுக்கப் போவது அந்த 3 கிலோ டிரம்தான். அரைத்த பொடி காற்றுப் பட்டால் வாரம் பத்து நாளில் மணம் இறங்கிவிடும். முழுக்கொட்டை இறுக மூடிய டின்னில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதனால் இரண்டு நாள் விற்பனைக்கு வேண்டியதை மட்டும் வறுத்து, வறுத்த தேதியைக் கடை வாசலில் சிலேட்டில் எழுதிவையுங்கள். 1 கிலோ பச்சைக்கொட்டை வறுபட்டு வரும்போது 820 முதல் 850 கிராம்தான் நிற்கும். விலையை அந்த எடைக்குப் போடுங்கள். வறுத்த சூட்டோடு பொட்டலம் கட்டினால் கொட்டை விடும் வாயுவில் கவர் உப்பிக்கொள்ளும். ஒரு ராத்திரி டின்னில் கிடக்கட்டும்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் இருவேளை காப்பிக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் செலவாகும். அரை கிலோ கேட்பவரிடம், "200 போதும்மா, நாலு நாள் வரும். தீர்ந்ததும் புதுசா அரைச்சுத் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு விற்பனை குறையும். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை உங்கள் வாசலுக்கு வருவார்.

ஒரு நோட்டு போடுங்கள். ஆளுக்கு ஒரு வரி: பெயர், சிக்கரி அளவு, அரவை எண், கிராம், கடைசியாக வாங்கிய தேதி. அரவை எண்ணுக்கு மிஷின் திருகில் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். "டிகாஷன் இறங்கவே மாட்டேங்குது" என்று ஒருவர் வந்தால் பொடி ரொம்ப நைஸ், அல்லது சிக்கரி கூடுதல். தண்ணியாக இறங்குகிறதென்றால் அரவை பருமன். திருகை மாற்றிக் கொடுத்து, நோட்டிலும் திருத்துங்கள். பாக்கெட் பொடி வாங்கியிருந்தால் குறை சொல்ல அவர் யாரிடம் போவார்?

உங்கள் ஊரில் இன்னொரு கூட்டமும் உண்டு: விடியுமுன் ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள். கட்டன் காப்பி (பால் சேர்க்காத காப்பி) போடுகிறவர்களுக்குச் சிக்கரியே வேண்டாம், சற்றுப் பருமனாக அரைத்தால் மண்டி அடியில் தங்கும். 50 கிராம் பொட்டலமும் போடுங்கள். சாயங்காலம் ஜீப் திரும்பும் நேரத்தில் கடை திறந்திருக்க வேண்டும். மதியம் இரண்டு மணி நேரம் பூட்டிக்கொண்டாலும் பாதகமில்லை.

சிக்கல் வரும் இடம் ஒன்று உண்டு. ஆள் பார்த்து அரைத்தால் ஆளுக்கு நாலு நிமிடம் ஆகும். காலையில் ஐந்து பேர் சேர்ந்தால் கடைசி ஆள் போய்விடுவார். அன்றைக்கு யார் யார் பொடி தீரும் என்று முந்தின ராத்திரியே நோட்டைப் பார்த்து, கடை திறந்ததும் அவர்களுடையதை அரைத்துப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். ஒருவருக்கு அரைத்தபின் மிஷினுக்குள் கொஞ்சம் பொடி தங்கும். அரவை எண் மாறும்போது ஒரு கைப்பிடிக் கொட்டையை ஓட்டிக் கழித்துவிட்டு அடுத்தவருக்கு அரையுங்கள். கழித்தது உங்கள் டம்ளருக்கு. பொடி கைக்குச் சுடுகிற மாதிரி வந்தால் தட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது இறுக்கம் அதிகம். மணம் அங்கேயே போய்விடும்.

கடன்? தோட்டச் சம்பளத்தை நம்பி வாங்குபவருக்கு 200 கிராம் வரை சம்பள நாள்வரை கொடுக்கலாம். பழையது தீராமல் அடுத்தது வேண்டாம். இதில் மட்டும் மனம் இளகாதீர்கள்.

கேள்வி: என் மளிகைக் கடைப் பெயரோடு 'மார்ட்' சேர்த்தால் மதிப்புக் கூடுமா?
– செங்கோட்டை வாசகி

பதில்: வேண்டாம். 'மார்ட்' என்று பார்த்து வருபவர் ஏசியையும் தள்ளுவண்டியையும் தேடுவார். போர்டுக்குச் செய்யும் செலவில் எலக்ட்ரானிக் தராசை வாடிக்கையாளர் பக்கமும் எண் தெரிகிற மாதிரி வாங்கி, ஆண்டுதோறும் முத்திரை போட்டு வையுங்கள். கவரை வைத்து ஜீரோ செய்தபின் நிறுங்கள். மதிப்பு தானாக வரும்.

கேள்வி: குமுளியில் உள்ள விடுதிகள் வாரம் 5 கிலோ காப்பிப் பொடி அனுப்பச் சொல்கின்றன. என் விற்றுமுதல் ஜி.எஸ்.டி. வரம்புக்குள்தான். அனுப்பலாமா?
– கூடலூர் (தேனி மாவட்டம்) வாசகர்

பதில்: உங்கள் கடையிலிருந்து குமுளி கூப்பிடு தூரம்தான், ஆனால் வரிக் கணக்கில் அது வேறு மாநிலம், கேரளம். சரக்குக்கான 40 லட்ச ரூபாய் வரம்பு மாநிலத்துக்குள் விற்பவர்களுக்குத்தான். வரி உள்ள சரக்கை எல்லை தாண்டி விற்றால், விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பவர் அப்படி அனுப்பவே கூடாது. பில் போட்டு வண்டியில் ஏற்றும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். சுற்றுலா வந்தவர் உங்கள் கடையில் நின்று கால் கிலோ வாங்கிப் போவது வேறு விஷயம், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

பொட்டலத்தின் மேல் காப்பி, சிக்கரி இரண்டின் சதவீதமும் இருக்க வேண்டும். கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விடுதிகளுக்கு 80க்கு 20 கொடுத்துப் பாருங்கள். சிக்கரியை முன்கூட்டியே கலந்து வைத்தால் மலை ஈரத்தில் கட்டி தட்டும், அனுப்புகிற அன்றைக்குக் கலந்தால் போதும்.