பதற்றம், சிகிச்சை, ஊர் திரும்புதல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. இரண்டு ஆண்டுகளாக வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். போன குளிர்காலத்தில் இரவுப் பணி முடிந்து பேருந்தில் திரும்பும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சடைத்து, விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அவசரப் பிரிவில் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனைகளும் எடுத்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, இது பேனிக் அட்டாக் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர், தைராய்டையும் ரத்தசோகையையும் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. இப்போது கதவருகே இடம் கிடைத்தால்தான் பேருந்தில் ஏறுகிறேன். கைப்பையில் எப்போதும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே நடக்கிறேன்.

என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் மனநலச் சிகிச்சைத் திட்டமான டாக்கிங் தெரபீஸில் பதிவு செய்துகொள்ளும்படி ஜிபி சொன்னார். நான் இன்னும் செய்யவில்லை. மனநோய் என்று பதிவாகிவிட்டால் விசாவுக்கும், செவிலியர்களைப் பதிவு செய்யும் என்எம்சியில் உள்ள என் பதிவுக்கும் ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கிறது. வார்டில் ஆங்கிலம் பேசிச் சமாளித்துவிடுவேன், ஆனால் அழுதுகொண்டே ஆங்கிலம் பேச எனக்கு வராது. வெள்ளைக்காரர்களுக்கு நம் வீட்டு விஷயம் என்ன புரியும் என்றும் தோன்றுகிறது. மாமா மகள் அடுத்த மாதம் வரும்போது பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை கொண்டுவருகிறேன் என்கிறாள். அம்மாவோ, 'எல்லாத்தையும் விட்டுட்டு வந்துரு மக்ளே' என்கிறார். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. நான் திரும்பிப் போய்விடுவதுதான் சரியா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்புவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் பேருந்தில் வரும் அந்த அச்சத்திலிருந்து தப்பிப்பதற்காக, அதற்குச் சிகிச்சை பெறாமலேயே, இப்போது திரும்ப வேண்டாம். அப்படித் திரும்பினால் அச்சமும் உங்களோடு விமானம் ஏறிவிடும் என்பதே என் கவலை. நாகர்கோவிலில் இறங்கிச் சில வாரங்கள் நிம்மதியாக இருக்கும். பிறகு ஒருநாள் வடசேரிப் பேருந்து நிலையத்திலோ கல்யாண மண்டபத்திலோ நெஞ்சு படபடக்கும்போது, திரும்பிப் போவதற்கு வேறு ஊர் இருக்காது.

நான் மருத்துவர் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் லண்டனில் இருந்தபோது இதே சிகிச்சையைப் பெற்றவள் என்ற தகுதியும், அதன் பிறகு இதைப் பற்றித் தொடர்ந்து படித்துவருபவள் என்ற தகுதியும் மட்டுமே எனக்கு உண்டு. உங்கள் ஜிபி உடல் காரணங்களை ஏற்கெனவே பார்த்து விலக்கிவிட்டதால்தான் இவ்வளவு உறுதியாக எழுத முடிகிறது.

ஆக்ஸ்போர்டில் இருந்த டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் இந்தத் திடீர்ப் பதற்றத்துக்கு ஒரு விளக்கம் தந்தார். உடலில் இயல்பாக எழும் ஒரு சிறு மாற்றத்தை, அதாவது சற்றே கூடிய இதயத் துடிப்பையோ லேசான தலைச்சுற்றலையோ, மனம் உடனே வரப்போகும் பேராபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. அந்த அச்சத்தால் துடிப்பு இன்னும் கூடுகிறது. கூடிய துடிப்பு அச்சத்தை உறுதிப்படுத்துகிறது. சில நிமிடங்களுக்குள் இந்தச் சுழல் உச்சத்தை எட்டி, பிறகு தானாகவே தணிகிறது. விரல்கள் மரத்துப்போவது ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், அதனால்தான் விரல்கள் மரக்கின்றன என்பதை நீங்கள் எத்தனையோ நோயாளிகளுக்கு விளக்கியிருப்பீர்கள். தெரிந்திருந்தும் வருகிறதே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். அறிவால் மட்டும் தீர்வதாக இருந்தால் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இது வரவே வராது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான். ஓடும் பேருந்தில், கையுறையைக் கழற்றி, அந்தக் கவ்வியை விரலில் மாட்டி, 98 என்ற எண் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எண் வந்ததும் ஆறுதல் கிடைத்திருக்கும். ஆனால் அந்த ஆறுதலோடு சேர்ந்து, 'இன்றைக்குப் பார்த்துக்கொண்டதால் தப்பித்தேன்' என்ற பாடத்தையும் மனம் கற்றுக்கொள்கிறது. பார்க்காமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. கதவருகே இருக்கையும் அப்படித்தான், அம்மாவின் குரலும் அப்படித்தான். கிளார்க்கோடு பணியாற்றிய பால் சல்கோவ்ஸ்கிஸ் 1991இல் இதை எடுத்துக்காட்டினார்: ஆபத்தைத் தவிர்ப்பதற்காக நாம் செய்யும் இந்தச் சின்னச் சின்னக் காரியங்களே அச்சம் பல ஆண்டுகள் தங்கிவிடுவதற்குக் காரணம். ஊர் திரும்புவதும் அந்த வரிசையில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே அப்படிச் சொன்னேன்.

சிகிச்சை என்றதும், முன்பின் தெரியாத ஒருவரிடம் குடும்பக் கதை முழுவதையும் சொல்லி அழ வேண்டும் என்று நினைக்கிறீர்கள். பேனிக் அட்டாக்குக்கு பிரிட்டனில் தரப்படும் சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி தரும் சிகிச்சை, பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. எனக்குச் சிகிச்சை அளித்தவர் மூன்றாவது சந்திப்பில் ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலைத் தந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சுவிடச் சொன்னார். அடுத்து நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். நான் பயந்த அத்தனை உணர்வுகளும் அந்தச் சின்ன அறையில், பட்டப்பகலில், வந்து நின்றன. என்னை அறியாமலேயே நாற்காலியின் முதுகைப் பற்றியிருந்தேன். அவர் மெதுவாக, இப்போது அந்தக் கையை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தேன், விழவில்லை. பிறகு அதே பயிற்சியைப் பேருந்திலும் மின்தூக்கியிலும் செய்தோம். ஒவ்வொரு முறையும் என்ன நடக்கும் என்று நான் அஞ்சினேன், உண்மையில் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதினோம். அது உழைப்பு, சில நாட்கள் மிகவும் அலுப்பூட்டும் உழைப்பு. சிகிச்சை வழிகாட்டிகளை உருவாக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்த நோய்க்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரச் சிபிடி போதும் என்றும், அதை அதிகபட்சம் நான்கு மாதங்களில் முடித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் நீளும் காரியமில்லை.

மொழி பற்றி நீங்கள் சொல்வது உண்மையான தடை. என்எச்எஸ் சேவைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். தமிழுக்கும் ஏற்பாடு செய்வார்கள். ஆனால் உங்கள் ஊரில் தமிழர்கள் குறைவு, வருபவர் தெரிந்தவராக இருப்பாரோ என்ற தயக்கம் இருந்தால், தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் ஒருவரைக் கேளுங்கள். ஆங்கிலத்திலேயே தொடர்வதாக இருந்தாலும், அழுகை வரும்போது தமிழில் பேசிவிட்டுப் பிறகு நிதானமாக விளக்குவதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. வீட்டு விஷயங்கள் அவர்களுக்குப் புரியுமா என்றால், சில புரியாது. மூத்த மகள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்துவது எங்கள் குடும்பத்தில் யோசிக்கவே முடியாத ஒன்று என்பதை நான் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு என் சிகிச்சையாளர் அதை ஏற்றுக்கொண்டு, அதற்குள் செய்யக்கூடியதைத் தேடினார். உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாத பயிற்சியைத் தந்தால், இது எனக்கு ஒத்துவராது என்று சொல்லுங்கள். சிகிச்சையாளரே ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம்.

சென்னையிலிருந்து காணொளியில் தமிழில் பேசுபவரைத் தேடுவதும் நல்ல வழிதான். ஆனால் அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்சிஐயில், மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற்றவரா, பேனிக் அட்டாக்குக்குச் சிபிடி அளித்துப் பழக்கமுள்ளவரா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிரிட்டனிலும் கவுன்சலர், சைக்கோதெரபிஸ்ட் என்ற பெயர்களை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே தனியாகப் பணம் கட்டிப் பார்ப்பதாக இருந்தால் சிபிடி சிகிச்சையாளர்களின் சங்கமான பிஏபிசிபி போன்ற அமைப்பின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து விசா. மனநலச் சிகிச்சை பெறுவது விசாவைப் பறிப்பதற்கான காரணமாகக் குடியேற்ற விதிகளில் இல்லை. என்எம்சியைப் பொறுத்தவரை, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது உடல்நிலை பற்றிய உறுதிமொழி தருகிறீர்கள். அங்கே கேட்கப்படுவது நோய் இருக்கிறதா என்பதல்ல, பாதுகாப்பாகப் பணிசெய்ய முடிகிறதா என்பது. முறையாகச் சிகிச்சை பெற்று நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் செவிலியரை அது தகுதியற்றவராகக் கருதுவதில்லை. உங்கள் மருத்துவமனை நிர்வாகமே டாக்கிங் தெரபீஸ் சேவையையும் நடத்துவதாக இருந்தால், வேறிடத்தில் பார்க்க முடியுமா என்று பதிவின்போதே கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

டாக்கிங் தெரபீஸ் என்பது 2008இல் வேறு பெயரில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட திட்டம். டேவிட் கிளார்க்கும் பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டும் வாதாடிக் கொண்டுவந்தது. ஜிபியின் பரிந்துரைக் கடிதம்கூட வேண்டாம், நீங்களே இணையத்தில் பதிவு செய்யலாம். பதிவு செய்பவர்களில் 75 சதவீதம் பேருக்கு ஆறு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. ஆனால் முதல் சந்திப்புக்கும் இரண்டாவதற்கும் இடையில் நீண்ட காத்திருப்பு இருக்கக்கூடும், அந்த இடைவெளியில் மனம் தளர்ந்து விலகிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு படிவங்கள் தருவார்கள். ஒன்றில் கடந்த இரண்டு வாரங்களின் பதற்றம் பற்றி ஏழு கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். மற்றொன்றில் ஒன்பதாவது கேள்வி, சாவது மேல் என்றோ உங்களைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. நம்மவர்கள் பலர் போலீஸ் வருமோ என்று பயந்து அங்கே பூஜ்ஜியம் போட்டுவிடுகிறார்கள். உண்மையை எழுதுங்கள். அந்தப் பதிலால் யாரும் உங்களைத் தண்டிக்கப்போவதில்லை. உங்கள் பாதுகாப்புக்கு என்ன செய்வது என்று பேசுவார்கள். அப்படிப்பட்ட எண்ணம் எந்த இரவில் வந்தாலும் என்எச்எஸ் உதவி எண்ணான 111ஐ அழைத்து இரண்டாம் எண்ணைத் தேர்ந்தெடுங்கள், மனநலப் பிரிவில் ஆள் இருப்பார்கள்.

அல்பிரசோலம் வேண்டவே வேண்டாம். நைஸ் வழிகாட்டி பேனிக் அட்டாக்குக்கு இந்த வகை மாத்திரைகளைத் தரக் கூடாது என்றே சொல்கிறது, ஏனெனில் நாளடைவில் நிலைமை மோசமாகிறது, மாத்திரையை விடுவதும் கடினமாகிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் ஒரு செவிலியர் அதை வைத்திருப்பது, நீங்கள் அஞ்சும் அதே என்எம்சி சிக்கலை உண்மையாகவே கொண்டுவரக்கூடும். மருந்து தேவை என்று தோன்றினால் ஜிபியிடம் கேளுங்கள். பழக்கமாகாத வேறு மருந்துகள் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கவலைகள் எல்லாமே நோய் அல்ல. வேலையோடு கட்டப்பட்ட விசாவில், வேலை போனால் பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு வழி தேட வேண்டிய நிலையில், கடனோடு இருப்பவருக்குக் கவலை வரத்தான் செய்யும். தொடர்ந்து இரவுப் பணியே போடுகிறார்கள் என்றால் அதைச் சிகிச்சையாளர் மாற்ற முடியாது. பணியிட மருத்துவப் பிரிவிடமும் ஆர்சிஎன் போன்ற செவிலியர் சங்கத்திடமும்தான் பேச வேண்டும், அதையும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

அம்மாவிடம் பேசுவதை நிறுத்தச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றி, தேநீர் போட்டுக்கொண்டு பேசுங்கள். அச்சத்துக்காகச் செய்யும் அழைப்பை மட்டும், சிகிச்சை தொடங்கிய பிறகு, சிகிச்சையாளரோடு பேசிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். அம்மா உங்களுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டால் அதுவும் அது பாட்டுக்கு நடக்கட்டும், சிகிச்சைக்கு அது இடையூறு அல்ல.

பதிவை இந்த வாரமே செய்யுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு, கடன் எவ்வளவு குறைந்திருக்கிறது, அந்த வார்டில் வேலை பிடிக்கிறதா, ஊரில் எந்த மருத்துவமனையில் என்ன சம்பளம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஊருக்குப் போகவே தோன்றினால் போய்விடுங்கள். முதல் சந்திப்பு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா