அறுபது பூட்டுக்கு ஒரு சாவி

கேள்வி: அறுபது கணக்குகளின் பாஸ்வேர்டையும் எக்செல் ஃபைலில் எழுதி, அதற்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன். எல்லா பாஸ்வேர்டையும் ஒரே மாஸ்டர் பாஸ்வேர்டால் பூட்டி வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் செயலி தனியாக எதற்கு?

பதில்: முதலில் போட்ட பூட்டு எது என்று பாருங்கள். ஷீட்டுக்குப் போடும் பூட்டு செல்களைத் திருத்தவிடாது, அவ்வளவுதான். உள்ளே இருப்பதை என்கிரிப்ட் செய்யாது, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்கமுடியாத குறியீடாக மாற்றாது. ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்ட் கேட்டால்தான் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. அப்படியும், ஒருமுறை திறந்ததும் அறுபதும் திரையில் வரிசையாக நிற்கும்.

எக்செல்லுக்குத் தெரியாத வேலை, போலித் தளத்தைக் கண்டுபிடிப்பது. முகவரியில் ஆங்கில ‘எல்’ இருக்கவேண்டிய இடத்தில் எண் 1 இருந்தால் நம் கண் ஏமாந்துபோகும். காப்பி செய்து ஒட்டிவிடுவோம். மேனேஜர் சேமித்த முகவரியோடு ஒப்பிட்டு, டொமைன் (தளத்தின் பெயர்) பொருந்தாவிட்டால் தானாக நிரப்பாது. தினமும் நிரப்பும் தளத்தில் ஒருநாள் நிரப்பவில்லையா? எரிச்சலில் கையால் ஒட்டாமல் முகவரியைப் படியுங்கள்.

கேள்வி: மேனேஜரை நடத்தும் நிறுவனத்தையே ஹேக் செய்துவிட்டால்?

பதில்: நடந்திருக்கிறது. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜரின் வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டுகளைச் சேமித்திருந்த பெட்டகங்களின் பிரதிகள் திருடுபோயின. பாஸ்வேர்டுகள் என்கிரிப்ட் ஆகியிருந்தன. தள முகவரிகள் அப்படியே கிடந்தன. பிரதி கையில் இருப்பவனுக்கு ‘மூன்று முறை தவறினால் பூட்டு’ என்ற தடையில்லை, ஓடிபியும் கேட்காது. தன் கணினியில் ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கலாம். அவனைத் தடுப்பது உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டின் வலிமை ஒன்றுதான்.

அதனால் பாட்டு வரி, பிள்ளை பெயர் எல்லாம் வேண்டாம். டைஸ்வேர் முறையில் பகடையை ஐந்து முறை உருட்டுங்கள். வரும் ஐந்து இலக்க எண்ணுக்கு நேராக, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் இருக்கும். இப்படி ஆறு சொற்கள், மொத்தம் 30 உருட்டல். வலிமை சுமார் 77 பிட், அதாவது 2-ஐ 77 முறை பெருக்கினால் வரும் அளவு சாத்தியங்கள். ‘இந்தச் சொல் நன்றாயில்லை’ என்று மாற்றத் தொடங்கினால் அது பகடையின் தேர்வாக இருக்காது, உங்கள் தேர்வாகிவிடும். நான்கைந்து நாள் கையால் அடித்தால் விரலுக்குப் பழகிவிடும்.

கேள்வி: பிரவுசரே சேமித்துக்கொள்கிறதே, போதாதா?

பதில்: ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுவதைவிட நல்லதுதான். ஆனால் பாஸ்வேர்ட் திருடும் மென்பொருள்கள் குறிவைக்கும் இடங்களில் பிரவுசரும் ஒன்று. ஃபயர்ஃபாக்ஸில் முதன்மை பாஸ்வேர்ட் வசதி உண்டு. நீங்களாகப் போட்டால்தான் வேலை செய்யும்.

கேள்வி: மேனேஜர்களில் பிட்வார்டனா, கீபாஸ்எக்ஸ்சியா? மாறும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: போன், லேப்டாப் இரண்டிலும் சிரமமில்லாமல் வேண்டுமென்றால் பிட்வார்டன். கீபாஸ்எக்ஸ்சியில் எல்லாம் ஒரே ஃபைலாக உங்களிடமே இருக்கும்; பேக்கப்பும் உங்கள் பொறுப்பு. பென்டிரைவில் ஒரு பிரதி வைக்காதவர்களுக்கு அது வேண்டாம் என்போம்.

பழைய பாஸ்வேர்டுகளை மேனேஜருக்கு மாற்ற எடுக்கும் சிஎஸ்வி (வெறும் எழுத்துப் பட்டியல்) ஃபைலில் எல்லாம் என்கிரிப்ட் ஆகாமல் பச்சையாக இருக்கும். உள்ளே ஏற்றியதும் டவுன்லோட்ஸிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். அந்த ஃபோல்டர் கிளவுடுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். பிறகு மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்; மற்றவற்றின் ரீசெட் லிங்க் அங்கேதானே வருகிறது.

மாஸ்டர் பாஸ்வேர்டையும் இரண்டடுக்குச் சோதனையின் (பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொன்றும் கேட்பது) மீட்புக் குறியீடுகளையும் காகிதத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள். பெட்டகத்துக்கான மீட்புக் குறியீட்டை அதே பெட்டகத்துக்குள் மட்டும் வைப்பது, பீரோ சாவியை பீரோவுக்குள் போட்டுப் பூட்டிய கதைதான்.