வாசகர் கேள்வி – பதில்: பிரெடா முற்றுகையும் செப்புத் தகடும்

கேள்வி: 1625-இல் ஸ்பானியப் படை டச்சுக்காரர்களிடமிருந்து பிரெடா நகரைப் பிடித்ததைக் காட்டும் ஜாக் கலோவின் அச்சோவியத்தை இணையத்தில் பார்த்தேன். மேற்பகுதி நிலவரைபடம் போலவும், கீழ்ப்பகுதி மனிதர்களும் குதிரைகளும் நிறைந்த காட்சி போலவும் இருக்கிறது. ஓவியர் இந்தப் போரை நேரில் பார்த்தாரா? இதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அவர் போரை நேரில் பார்க்கவில்லை. ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து விடுபட டச்சுக்காரர்கள் நடத்திய நீண்ட போரின் ஒரு பகுதியான இந்த முற்றுகை, 1624 ஆகஸ்டில் தொடங்கி 1625 ஜூனில் முடிந்தது. லொரெய்ன் நாட்டு நான்சி நகரைச் சேர்ந்த கலோவிடம் இந்தப் பணியை ஒப்படைத்தவர், ஸ்பெயினின் வசமிருந்த தென் நெதர்லாந்தை ஆண்ட இளவரசி இசபெல்லா. ஆறு செப்புத் தகடுகளில் தீட்டப்பட்டு, ஆறு தாள்களில் அச்சிட்டு ஒட்டிச் சேர்க்கப்பட்ட அந்தப் படம் 1628 வாக்கில்தான் நிறைவடைந்தது. சேர்த்து விரித்தால் நீளமும் அகலமும் ஒரு மீட்டரைத் தாண்டும்.

நீங்கள் கவனித்த அந்த இரட்டைத் தன்மைதான் இந்தப் படத்தின் உயிர் என்பேன். ஸ்பானியத் தளபதி ஸ்பினோலா நகரைத் தாக்கிப் பிடிக்கவில்லை. பட்டினி போட்டுப் பணிய வைத்தார். நகரைப் பார்த்தபடி ஓர் அகழி வளையம், உதவிக்கு வரக்கூடிய டச்சுப் படையைத் தடுக்க வெளிப்புறம் பார்த்தபடி இன்னொரு வளையம் என இரண்டை அவர் அமைத்தார். இந்தப் போர்முறையைத் தரைமட்டத்திலிருந்து வரைந்து காட்ட முடியாது. பறவையின் பார்வை வேண்டும். ஆனால் பறவைக்கு மனித முகம் தெரியாது. எனவே கலோ நம்மைக் கீழே ஒரு மேட்டில் நிற்க வைத்து, அங்கே முகாம் வாழ்க்கையையும் கைகலப்பையும் கொள்ளையையும் விரலளவு உருவங்களில் காட்டிவிட்டு, மேலே செல்லச் செல்ல நிலத்தையே வரைபடமாக மாற்றிவிடுகிறார்.

சான்றாகக் கொள்ளும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். முற்றுகைக் காலத்துச் சண்டைகளும், நகரம் சரணடைந்த பிறகு இசபெல்லா அங்கே வந்த ஊர்வலமும் ஒரே தாளில் இருக்கின்றன. ஆகவே இதில் ஒரு நாளைத் தேடக் கூடாது. பத்து மாதங்கள் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. முகாம்களும் கோட்டைகளும் எங்கெங்கே இருந்தன என்பதற்கு இதை நம்பிப் பார்க்கலாம். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் இதே நகரின் சரணடைவை 1635 வாக்கில் தீட்டிய புகழ்பெற்ற வண்ண ஓவியத்தில், டச்சுத் தளபதி நகரின் சாவியை நீட்ட ஸ்பினோலா அவர் தோளைத் தொட்டு ஆதரிக்கிறார். அந்தப் பெருந்தன்மை என்னையும் நெகிழ வைப்பதுதான். ஆயினும் போர் என்றால் என்னவென்று எனக்குச் சொல்வது கலோவின் தாளில் கீழே கிடக்கும் அந்தச் சிறு மனிதர்களே. வெலாஸ்கெஸ் ஓவியத்தை முடித்த ஓரிரு ஆண்டுகளிலேயே, 1637-இல், டச்சுக்காரர்கள் பிரெடாவைத் திரும்பப் பிடித்துவிட்டார்கள்.

கேள்வி: சில போர்ப் படங்களில் எல்லா வீரர்களும் இடது கையில் வாள் பிடித்திருக்கிறார்களே, ஏன்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: செப்புத் தகட்டில் செதுக்கியது தாளில் இடம்வலம் மாறி விழும். கவனமுள்ள கலைஞர் இதை எண்ணித் தகட்டிலேயே மாற்றிச் செதுக்குவார். பிறர் படத்தை அவசரமாகப் பார்த்துச் செதுக்கியவர் அப்படியே பதித்துவிடுவார். படை முழுவதும் இடக்கைப் படையாகிவிடும். இதுபோன்ற படம் கண்ணில் பட்டால் அது நகலாக இருக்கலாம் என்று முதலில் ஐயப்படுங்கள்.

கலோ உளியால் செப்பை நேரடியாகக் கீறாமல், தகட்டின் மேல் பூசிய பூச்சில் ஊசியால் கோடிழுத்து, செம்பு வெளிப்பட்ட இடத்தை அமிலத்தால் அரிக்க விட்டார். வழக்கமான மென்மையான மெழுகுப் பூச்சுக்குப் பதிலாக இசைக்கருவி செய்வோர் பயன்படுத்திய கெட்டியான வார்னிஷை அவர் கையாண்டதால் கோடு சிதையாமல் நின்றது. தொலைவில் உள்ளவற்றுக்கு அமிலத்தைச் சற்று நேரமே விட்டு, அந்த இடங்களை மூடிவிட்டு, அருகில் உள்ளவற்றை மட்டும் மீண்டும் அரிக்க விடும் முறை ஒன்று உண்டு. கலோவின் படங்களில் முன்னால் நிற்பவர் கறுத்தும் தொலைவில் உள்ளவை மங்கியும் தெரிவது அதனால்தான்.

கேள்வி: அந்தக் காலத்துப் போர் அச்சோவியங்கள் செய்திப் படங்களா, பிரசாரமா? (வாசகர், மதுரை)

பதில்: இரண்டும்தான். ஆம்ஸ்டர்டாம் கால்வர் தெருவில் கடை வைத்திருந்த கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் போன்றோர் முற்றுகை வரைபடங்களை அச்சிட்டு விற்றார்கள். டச்சு நாட்டின் எல்லை ஒவ்வொரு கோட்டையாக நகர்ந்துகொண்டிருந்த காலத்தில் மக்களுக்கு அது உண்மையாகவே தேவைப்பட்டது. மறுபுறம், 1576 நவம்பரில் ஆண்ட்வெர்ப்பில் (இன்றைய பெல்ஜியம்) சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படையினர் நடத்திய சூறையாடலை பிரான்ஸ் ஹோகன்பெர்க் கொலோன் நகரிலிருந்து படமாக்கினார். அடுத்த நூற்றாண்டில் வந்த டச்சுப் படநூல்கள் அதுபோன்ற கொடுமைகளையே மறுபடி மறுபடி வரைந்து, போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் ஸ்பானியரின் கொடுமையைக் கற்பித்தன. நடந்த கொலைகள் உண்மை. ஆனால் கொன்றவர்கள் எப்போதும் ஒரே தரப்பினர் என்று தோன்றும்படி அவற்றைத் தேர்ந்தெடுத்து அடுக்கியதே பிரசாரம்.

இரண்டு வகையிலும் சேராத ஒன்றையும் நீங்கள் பார்க்க வேண்டும். 1607-இல் தி ஹேக் நகரில் வெளியான யாக்கோப் டி கெயினின் படைப்பயிற்சி நூலில் 117 படங்கள் உள்ளன. பகைவனும் இல்லை, போர்க்களமும் இல்லை; ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு வீரன். கனமான மஸ்கட் துப்பாக்கிக்கு மட்டும் 43 படங்கள். வெடிமருந்து ஊற்றும் படத்தைப் பெரிதாக்கி அவன் இடது கையைப் பாருங்கள். துப்பாக்கியைச் சுடுவதற்காகப் பற்றவைத்த, புகையும் திரியை விரல்களுக்கு நடுவே இடுக்கி, மருந்திலிருந்து விலக்கிப் பிடித்திருப்பான்; ஒரு பொறி தவறினால் முதலில் வெந்துபோவது அவன்தான்.