மட்டக்களப்பில் பாடசாலை நாடகத்துக்கு ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரில் வரும் உஹுராவின் சிவப்புச் சீருடையை என்ன துணியில் தைக்கலாம்?

டீ-சேர்ட் துணிபோல இழுபடும் பின்னல் துணியில் தையுங்கள். மருதமுனைக் கைத்தறி அருமையான துணிதான், ஆனால் இழுபடாது. உடலோடு ஒட்டி நிற்கும் இந்த உடுப்புக்குச் சரிவராது.

1966இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்கியபோது வில்லியம் வேர் தீஸ் வடிவமைத்த சீருடைகள் வெல்வெற் போன்ற வெலோர் துணியில் இருந்தன. துப்புரவு செய்யச் செய்ய அவை சுருங்கின. மூன்றாம் பருவத்தில் இரட்டைப் பின்னல் துணிக்கு மாறினார்கள். நம்முடைய வெக்கைக்கும் வெலோர் வேண்டாம்.

காத்தான்குடி புடவைக் கடைகளில் 60 அங்குல அகலத்தில் 2 மீற்றர் வாங்கினால் நடுத்தர அளவுக்குப் போதும். வாங்குமுன் ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வியர்வையில் கழுத்தெல்லாம் சிவக்கும். வெட்டுமுன் ஒருதரம் கழுவிக் காயவிடுங்கள்.

மெஷினில் உருண்டை முனை ஊசி, 80ஆம் நம்பர். கூர் ஊசி போட்டால் தையல் விட்டுவிட்டு விழும். நேர்த்தையலும் ஆகாது: பிள்ளை கையைத் தூக்கியதும் கக்கத்தில் நூல் படக்கென்று அறும். ஒடுக்கமான சிக்சாக் (வளைந்து வளைந்து போகும்) தையல் போடுங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள், விளிம்பு அலையலையாகிவிடும்.

மணிக்கட்டுச் சரிகை நாடாவைக் கையை மூடித் தைக்குமுன்பே பிடித்துவிடுங்கள், பிறகென்றால் பெரும்பாடு. பாவாடை மிகக் கட்டை, உள்ளே கறுப்பு லெகின்ஸ் கட்டாயம்.