மாமாவின் ஆலோசனையும் மகனின் படிவமும்

கேள்வி: என் மகன் அமெரிக்கப் பிரஜை. வேர்ஜீனியாவில் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் கொம்பனி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் செக்கியூரிட்டி கிளியரன்ஸ் எடுக்கவேண்டுமாம். மூன்று வருடத்துக்கு முன், செய்யாத மணித்தியாலங்களைச் செய்ததாகப் போட்டதற்காக அவனை ஓரிடத்தில் வேலையால் நிற்பாட்டினார்கள். "தானாக விலகினதாகப் போடு, ஆர் பார்க்கப் போகினம்?" என்கிறார் ரொறன்ரோவில் இருக்கும் மாமா. என்ன செய்வது?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: அம்மா, மாமா சொன்னதை மட்டும் தம்பி செய்யவேண்டாம்.

செக்கியூரிட்டி கிளியரன்ஸ் என்பது அரச இரகசியங்களைப் பார்க்க ஒருவரை நம்பலாமா என்று ஆராய்ந்து அமெரிக்க அரசு தரும் அனுமதி. இது எங்கள் பொலிஸ் அறிக்கை மாதிரி, வழக்கு இருக்கிறதா என்று பார்த்துத் தருகிற கடதாசி அல்ல. யாருக்கு இதைக் கொடுக்கலாம் என்று 2017இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகளில் 13 தலைப்புகள் உண்டு. கடன், குடி, வெளிநாட்டுத் தொடர்பு என்று போகும் அந்த வரிசையில் 'தனிப்பட்ட நடத்தை'யும் ஒன்று. இந்த ஆளின் பேச்சை நம்பலாமா, இவர் மறைத்து வைத்திருப்பதைக் காட்டி யாரும் மிரட்டலாமா என்பதுதான் அங்கே விசாரணை.

இதற்காகத் தம்பி நிரப்பவேண்டிய எஸ்எஃப்-86 என்ற படிவம் லேசுப்பட்டதல்ல. கடந்த 7 வருடத்தில் நீக்கப்பட்டீர்களா, நீக்கப்போகிறோம் என்று சொன்ன பிறகு விலகினீர்களா, முறைகேட்டுப் புகார் வந்தபின் இரு தரப்பும் பேசிப் பிரிந்தீர்களா என்று பிரித்துப் பிரித்துக் கேட்கும். பழைய முதலாளியிடமும் விசாரிப்பார்கள். தெரிந்தே பொய் எழுதினால் 5 வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

ஒளிக்காமல் சொல்கிறேன், தம்பி செய்ததும் சின்ன விஷயமில்லை. முதலாளியின் நேரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது அந்த விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் காலம் போயிருக்கிறது, அதற்குப் பிறகு ஒழுங்காக வேலை செய்திருக்கிறார் என்றால் அதுவும் கணக்கில் வரும். எப்போது, எத்தனை மணித்தியாலம், காசைத் திருப்பிக் கொடுத்தாரா என்று நேராக எழுதட்டும். சாட்டுப்போக்கு வேண்டாம்.

ஏற்கெனவே மறைத்து அனுப்பிவிட்டாரா? அப்படியென்றால் அவர்கள் கண்டுபிடித்துக் கேட்க முதல் தானே போய்த் திருத்தவேண்டும். அதையும் அவருக்குச் சாதகமாக எடுப்பார்கள். சட்டத்தரணி பிழையாகச் சொல்லித்தந்து விடுபட்டதென்றாலும் கவனிப்பார்கள். மாமா சொன்னார் என்றால் எடுபடாது. மாமாவோடு அடிக்கடி கதைக்கிறவர் என்றால், வெளிநாட்டுத் தொடர்பு என்று அவரின் பெயரையும் போடவேண்டிவரும்!

பெற்றோர், சகோதரர் விபரமும் கேட்பார்கள். ஆகவே உங்கள் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில், பிறந்த திகதி, இடம், விலாசத்தோடு இப்போதே அனுப்பிவிடுங்கள்.