கொக்கி கழலும் முன் பார்க்க வேண்டியவை

வாசகி கேள்வி: வணக்கம் ஐயா. நானும் என் கணவரும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 38 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் வைத்து சிங்கப்பூருக்கு அனுப்புகிறார்கள். "கப்பல் ஜூரோங் வந்ததும் சொல்கிறோம், வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் ஏஜெண்ட். அவ்வளவுதானா? வரி எவ்வளவு வரும்? துறைமுகத்திலிருந்து மரீனாவுக்கு நாங்களே ஓட்டிக்கொண்டு போகலாமா? — செம்பவாங் வாசகி

பதில்: அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் கப்பல் இன்னும் வந்து சேரவில்லை என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. படகுக்கு ஆபத்து நடுக்கடலில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சரக்குச் சர்வேயராக நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை பாரந்தூக்கியில் தொங்கும் அந்தச் சில நிமிடங்களில் நடந்தவை. அந்தச் சில நிமிடங்களில்தான் பொறுப்பும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது. எந்த இடத்தில் மாறுகிறது என்பதை எழுத்தில் வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இன்றைக்கே ஏஜெண்டுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். படகை இறக்கப்போவது கப்பலின் சொந்தப் பாரந்தூக்கியா, கரையில் இருப்பதா? நேராகத் தண்ணீரில் இறக்குவார்களா, கரையில் டிரெய்லர் மேல் வைப்பார்களா? தூக்கும் வார்களைப் படகில் மாட்டுவதும் கழற்றுவதும் யார் ஆட்கள்? கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு எந்த நொடியில் முடிகிறது? பல ஒப்பந்தங்களில் அது பாரந்தூக்கியின் கொக்கியோடு முடிந்துவிடும். அதாவது கொக்கி கழன்ற மறுகணம் படகு உங்களுடையது, அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் உங்கள் தலையில். தொலைபேசியில் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது காப்புறுதி. நான் மிகவும் வலியுறுத்தும் விஷயம் இது. சிங்கப்பூரில் கடல்வழிச் சரக்குச் சட்டம் ஹேக்-விஸ்பி என்ற சர்வதேச விதிகளைப் பின்பற்றுகிறது. கப்பல் நிறுவனம் சரக்குக்கு எந்த அளவு பொறுப்பேற்க வேண்டும் என்பதை அந்த விதிகள் சொல்கின்றன. ஆனால் மேல்தளத்தில் ஏற்றப்படுவதாகப் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பத்திரம்) எழுதி, அப்படியே மேல்தளத்தில் கொண்டுவரும் சரக்கை அந்த விதிகள் 'சரக்கு' என்ற வரையறைக்குள்ளேயே சேர்ப்பதில்லை. உங்கள் படகு வருவது மேல்தளத்தில். "மேல்தளச் சரக்கு, முழு ஆபத்தும் உரிமையாளருக்கே" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், சேதமானபின் கப்பல் நிறுவனத்திடம் பேசவே உங்களுக்கு இடம் குறைந்துவிடும். விதிகள் பொருந்தும் சரக்குக்கும் இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு படகின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. ஆகவே உங்கள் பெயரில், எல்லா ஆபத்துகளையும் உள்ளடக்கிய கடல்வழிக் காப்புறுதி இருக்க வேண்டும். மேல்தளத்தில் வருகிறது என்பதை அந்தப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும் அதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வழியில் கப்பலுக்கே பெரிய ஆபத்து வந்து, அதைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கு உரிமையாளர்கள் எல்லோரும் பங்கிட வேண்டிய நிலை வரலாம். 'ஜெனரல் ஆவரேஜ்' என்பார்கள். அப்போது காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் இல்லாதவர்கள் ரொக்க வைப்புத்தொகை கட்டினால்தான் பொருளை விடுவிப்பார்கள். கீறல்கூட விழாமல் வந்த படகுக்கும் இதே கதிதான்.

இப்போது உங்கள் ஏஜெண்ட் சொன்ன "கையெழுத்து". ரசீதில் எந்தக் குறிப்பும் இல்லாமல் கையெழுத்திட்டால், படகு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். கண்ணில் படும் சேதத்தை அங்கேயே, அந்தத் தாளிலேயே எழுதுங்கள். கையால் எழுதினால் போதும். அவசரத்தில் எதுவும் பார்க்க முடியவில்லை என்றால் "முழுமையாகச் சோதிக்கப்படவில்லை" என்றாவது எழுதுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்கு, ஹேக்-விஸ்பி விதிகளின்படி பெற்றுக்கொண்ட 3 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வழக்குத் தொடரும் காலக்கெடு ஓராண்டு. மேல்தளச் சரக்குக்கு ஒப்பந்தம் வேறு கெடு வைத்திருக்கலாம், எதற்கும் 3 நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பார்ப்பது? சவுத்தாம்ப்டனில் ஏற்றும் முன் ஒரு சர்வேயர் எடுத்த படங்களும் அறிக்கையும் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. இன்னும் ஏற்றவில்லை என்றால் உடனே ஏற்பாடு செய்யுங்கள். இங்கே படகு தாங்கியின் (படகை நிறுத்தி வைக்கும் சட்டம்) மேல் இருக்கும்போதே, தாங்கியின் பட்டைகள் படகின் உடலைத் தொடும் இடங்களில் கண்ணை ஓட்டுங்கள். கடல் ஆட்டத்தில் எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அங்கே லேசாக உள்வாங்கியிருக்கும், அல்லது சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்புகள் தெரியும். கீலும் (படகின் அடியில் நீண்டிருக்கும் எடைப் பகுதி) உடலும் சேரும் கோட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் மேல்தளத்தை வெறும் கையால் தடவிப் பாருங்கள். வெயிலில் பளபளவென்று தெரியும் வெள்ளைப் பரப்பு, கைக்கு மணல்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும். கப்பலின் புகைபோக்கியிலிருந்து விழுந்த கரித்துகளும், மாலுமிகள் துருவைத் தேய்த்தபோது பறந்த இரும்புத் தூளும் அவை. உப்பு ஈரம் பட்டதும் அந்த இரும்புத் தூள் ஒவ்வொன்றும் செம்பழுப்புப் புள்ளியாகி, மேற்பூச்சுக்குள் இறங்க ஆரம்பிக்கும். வந்த வாரமே கழுவிச் சுத்தம் செய்தால் போய்விடும். விட்டுவைத்தால் மெருகு போட வேண்டியிருக்கும்.

இனி தண்ணீரில் இறக்கும் கட்டம். வார்கள் எங்கே வர வேண்டும் என்று படகின் இரு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டியவரின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். வார் புரொப்பெல்லர் தண்டின் மேலோ, சுக்கானின் மேலோ, வேகம் காட்டும் சென்சாரின் மேலோ உட்கார்ந்தால் மொத்த எடையும் அங்கேதான் விழும். படகு தண்ணீரைத் தொட்டு மிதக்க ஆரம்பித்ததும், வார்கள் தளர்ந்தாலும் கொக்கியைக் கழற்ற விடாதீர்கள். ஒருவர் உள்ளே இறங்கி அடித்தட்டுப் பலகையைத் தூக்கி, பில்ஜில் (படகின் அடிக்குழி) தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கட்டும். கடல்நீர் உள்ளே வரும் வால்வுகள் ஒவ்வொன்றையும், தண்டு வெளியேறும் இடத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். பல வாரம் வெயிலில் காய்ந்த ரப்பர் குழாய்கள் இந்த நேரத்தில்தான் கைவிடும். கப்பல் மேற்பார்வையாளர் அவசரப்படுத்துவார், ஏனென்றால் கப்பல் துறையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவர்களுக்குச் செலவு. அதனால்தான் "கசிவுச் சோதனைக்கு 20 நிமிடம் வாரிலேயே நிற்கும்" என்று முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்ள வையுங்கள். கசிந்தால் மறுபடி மேலே தூக்கிவிடலாம். கொக்கி போனபின் கசிந்தால் பம்ப்தான் கதி.

பேட்டரியின் இணைப்பைக் கழற்றித்தான் அனுப்பியிருப்பார்கள். முழுவதும் ஏற்றிய ஒரு பேட்டரியையும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்புக்குப் புதிய ரப்பர் இம்பெல்லரையும் (உள்ளே சுழலும் சக்கரம்) கையோடு கொண்டுபோங்கள். சமையல் எரிவாயு உருளை, தீச்சுடர் சமிக்ஞைகள் ஆகியவற்றை சவுத்தாம்ப்டனிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள், ஆபத்தான சரக்கு என்று தடுத்து வைப்பார்கள். பழைய உரிமையாளர் அலமாரியில் விட்டுப்போன மதுப் புட்டிகளையும் மறக்க வேண்டாம், மதுவுக்கு இங்கே தனித் தீர்வை உண்டு.

வானிலையையும் கொஞ்சம் பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் வீசும் சுமத்ரா காற்று சொல்லாமல் வந்துவிடும். மின்னல் அடித்தால் பாரந்தூக்கி வேலையை நிறுத்திவிடுவார்கள்.

வரிக் கணக்கு எளிது. உல்லாசப் படகு சுங்கக் குறியீடு 8903இல் வருகிறது, அதற்கு இறக்குமதித் தீர்வை இல்லை. ஆனால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. அதை விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள். எடுத்துக்காட்டாக, படகு 2,00,000 வெள்ளி, கப்பல் கட்டணம் 38,000, காப்புறுதி 2,000 என்றால் மொத்தம் 2,40,000. வரி 21,600 வெள்ளி. நம்மில் பலர் விலையை மட்டும் வைத்து 18,000 என்று ஒதுக்கிவிட்டுக் கடைசி வாரத்தில் அலைகிறார்கள். இறக்குமதி அனுமதியை டிரேட்நெட் என்ற மின்னியல் முறை மூலம் ஏஜெண்டே எடுப்பார். துறைமுகத்தின் தடையற்ற வணிக வட்டாரத்துக்குள் படகு இருக்கும் வரை வரி கேட்கமாட்டார்கள், அதை விட்டு வெளியே எடுக்கும்போது கட்டியாக வேண்டும். இலவச நாள்கள் முடிந்தால் கிடங்குக் கட்டணம் ஏற ஆரம்பிக்கும், எனவே கப்பல் வருவதற்கு முன்பே காகிதங்கள் தயாராக இருக்கட்டும்.

காகிதங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பில் ஆஃப் லேடிங்கில் பெறுநர் பெயர் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தந்தை பெயர் முன்னால், உங்கள் பெயர் பின்னால் என்று நம் பெயர்களை வெளிநாட்டில் மாற்றி எழுதிவிடுவது சகஜம். திருத்தம் வேண்டுமென்றால் கப்பல் நிறுவனத்திடம் போய் வரவே சில நாள் ஆகும். அசல் பில் ஆஃப் லேடிங் தாள்கள் கூரியரில் வந்து சேர வேண்டுமா, அங்கேயே கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு இங்கே தகவல் மூலம் விடுவிக்கலாமா என்பதையும் விற்றவரிடம் இப்போதே பேசி முடியுங்கள்.

கடைசிக் கேள்வி, நீங்களே ஓட்டலாமா. முதல் நாளில் வேண்டாம் என்பேன். பாய்மரத்தைக் கழற்றித்தான் அனுப்பியிருப்பார்கள், எனவே எஞ்சின் ஒன்றுதான் துணை, அதுவும் பல வாரம் ஓடாத எஞ்சின். ஜூரோங் பக்கம் பெரிய கப்பல்களும் இழுவைப் படகுகளும் ஓயாமல் போய்வரும் நீர்ப்பகுதி. கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் படகுக்கு உல்லாசப் படகு உரிமம் வேண்டும், எஞ்சின் உள்ள படகை ஓட்டுபவருக்குத் தனி ஓட்டுநர் உரிமம் வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையவும் ஏஜெண்ட் மூலம் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். உரிமம் கைக்கு வரும் வரை, உரிமமுள்ள இழுவைப் படகு ஒன்றை ஏற்பாடு செய்து மரீனாவுக்குக் கொண்டுபோவதே நல்லது. நாளும் நேரமும் கப்பல் வருகையைப் பொறுத்து மாறும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சரக்குக் காப்புறுதி எந்த இடத்தில் முடிகிறது, படகுக் காப்புறுதி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று இரு நிறுவனங்களிடமும் கேளுங்கள். இழுத்துக்கொண்டு போகும் அந்தத் தூரம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் விடுபட்டுப் போகிறது. படகு மரீனாவில் ஓரிரு நாள் மிதந்தபின், புரொப்பெல்லர் தண்டும் எஞ்சினும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று மெக்கானிக்கை வைத்துச் சரிபாருங்கள். தாங்கியில் இருந்தபோது உடல் எடுத்த வடிவமும் தண்ணீரில் எடுக்கும் வடிவமும் சற்றே வேறுபடும். அதைச் சரிபார்த்தபின் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டலாம்.