கடவுள் படைக்காதவை

கேள்வி: நான் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவள், மதுரையில் முதுகலைத் தத்துவம் படிக்கிறேன். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் திருச்சபையினரின் கடவுட் கொள்கையை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னதும், "அதில் நம்பிக்கை இருக்கிறது, தத்துவம் எங்கே இருக்கிறது?" என்று நெறியாளர் கேட்டார். அப்பாவோ, வேற்று உபதேசத்தில் தலையைக் கொடுக்காதே என்கிறார். தலைப்பை விட்டுவிடட்டுமா?
– வாசகி ஒருவர், மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிட வேண்டாம், ஆனால் தலைப்பைச் சுருக்குங்கள். மார்மன்களுக்கு ஒரே கடவுட் கொள்கை வரையறுத்து எழுதிவைக்கப்பட்டிருப்பது போன்ற தோற்றத்தை உங்கள் தலைப்பு தந்துவிடுகிறது. சபைகளை ஊதியம் பெறாத சாதாரண உறுப்பினர்களே நடத்தும் அந்தத் திருச்சபையில், கத்தோலிக்கர்களின் இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸைப் போல எல்லாவற்றையும் தொகுத்துக் கொடுத்து அதிகாரம் பெற்ற இறையியலாளர் எவரும் இல்லை. வேதமாக ஏற்கப்பட்ட நூல்கள், தலைவர்களின் பிரசங்கங்கள், அவற்றை வைத்து வாதிடும் அறிஞர்களின் எழுத்துகள் ஆகிய மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1844 மார்ச்சில், இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், கிணறு வெட்டிக்கொண்டிருந்த கிங் ஃபாலட் என்பவர், மேலிருந்து விழுந்த கல் நிறைந்த தொட்டியில் நசுங்கி இறந்தார். ஏப்ரல் 7 அன்று அவரை முன்னிட்டு, அந்தத் திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் திறந்தவெளியில் பிரசங்கித்தார். காற்று அடங்கவும் தம் நுரையீரல் தாங்கவும் ஜெபிக்கும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொண்டே அவர் தொடங்கினார். சொல்லுக்குச் சொல் எழுதியவர் எவருமில்லை. நான்கு பேர் எடுத்த குறிப்புகளே முக்கிய ஆதாரம். மூன்று மாதத்துக்குள் ஸ்மித் கொல்லப்பட்டார். அந்தப் பிரசங்கம் இன்றுவரை வேதமாக ஏற்கப்படவில்லை. ஆயினும் மார்மன் தத்துவ விவாதங்களில் பாதி அங்கிருந்தே கிளம்புகிறது.

ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் "சிருஷ்டித்தார்" என்று நாம் படிக்கும் இடத்தில் இருக்கும் எபிரேயச் சொல், ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்குவதைக் குறிக்காது, இருக்கிற பொருளை ஒழுங்குபடுத்துவதையே குறிக்கும் என்று அவர் அன்று வாதிட்டார். 1836இல் ஓஹாயோவின் கர்ட்லாந்தில் ஆசிரியர் வைத்து எபிரேயம் கற்றவர்தான். அவர் சொன்ன பொருள் எவ்வளவு சரி என்பதை மொழியறிஞர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். உங்களுக்கு வேண்டியது அதன் விளைவு. மூலப்பொருளும், ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருக்கும் அறிவுணர்வும் கடவுளால் படைக்கப்பட்டவை அல்ல, அவையும் அநாதி. சைவ சித்தாந்தம் படித்த உங்கள் நெறியாளருக்கு, பதியைப் (இறைவனைப்) போலவே பசுவும் (உயிரும்) பாசமும் (தளையும்) அநாதி என்ற கொள்கையும் குயவன்–மண் உவமையும் உடனே நினைவுக்கு வரும். ஒப்பீட்டை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பதி ஒருகாலத்தில் பசுவாக இருந்தது என்று எந்தச் சித்தாந்தியும் சொல்லமாட்டார், ஸ்மித்தோ, கடவுளும் ஒருகாலத்தில் மனிதராக இருந்தவர் என்று கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்.

தத்துவம் எங்கே என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கியவர் கடவுள் என்றால், கொலைகாரனின் சுபாவமும் குழந்தையைக் கொல்லும் நோயும் கடைசியில் அவர் கணக்கில்தான் வந்து சேரும். மண்ணின் குணம் குயவன் உண்டாக்கியது அல்ல என்றால் அந்தப் பழி அவ்வளவு எளிதாக ஒட்டாது. யூட்டா பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஸ்டெர்லிங் மெக்மரின், 1965இல் வெளிவந்த தம் நூலில், மார்மன் கடவுளை எல்லைக்குட்பட்ட கடவுள் என்றே விளக்கினார். அந்த எல்லையைப் பல மார்மன்கள் பிரசங்க மேடையில் மறந்துவிடுவதையும் சுட்டிக்காட்டினார். கடவுளுக்கு உடம்பு உண்டு என்ற மார்மன் கொள்கைக்கு, மார்மன் தத்துவவாதி டேவிட் பால்சன் வேறு வழியில் ஆதாரம் தேடினார். உடம்புள்ள கடவுளை நம்பிய ஆதிக் கிறிஸ்தவர்கள் பலர் இருந்தார்கள் என்பதற்கு, அந்த நம்பிக்கையை மறுத்த ஆதித் திருச்சபை அறிஞர்களான ஒரிஜனையும் அகஸ்டினையுமே சாட்சிக்கூண்டில் ஏற்றி, 1990இல் ஹார்வர்டின் இறையியல் ஆய்விதழில் எழுதினார். எதிராளியின் வாயிலிருந்தே சாட்சியம் பெறும் இந்த வித்தை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் கடவுள் மனிதராக இருந்து உயர்ந்தவர் என்றால் அவருக்கு முன் யார், அவருக்கும் முன் யார் என்று சங்கிலி நீளும். எல்லையுள்ள ஒருவர் வழிபாட்டுக்கு உரியவரா என்ற கேள்வியும் எழும். பிளேக் ஓஸ்ட்லர் என்ற வழக்கறிஞர்–தத்துவவாதி அந்தச் சங்கிலியையே மறுக்கிறார். இயேசு பூமியில் வாழ்ந்ததைப் போலவே பிதாவும் வாழ்ந்தார் என்பதுதான் குறிப்புகளில் உள்ளது; இயேசு அதற்கு முன்பே தெய்வமாக இருந்தவர் அல்லவா என்பது அவர் வாதம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. பிரசங்கத்தின் போக்கு முழுவதும் மனிதன் கடவுளாக உயர்வதை நோக்கியே செல்கிறது. நீங்கள் என்னோடு மாறுபடலாம்.

அப்பாவின் கவலையை அலட்சியப்படுத்தாதீர்கள். ஜேன் ஷிப்ஸ் என்ற அறிஞர் மெதடிஸ்டாகவே இருந்துகொண்டு மார்மன்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, மார்மன் வரலாற்றுக் கழகத்துக்கே தலைவராக இருந்தவர் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆய்வுக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் உள்ளே இருந்தவர்கள்தான். 1993 செப்டம்பரில் எழுத்தாளர்களும் அறிஞர்களுமாக ஆறு பேர் மீது திருச்சபை ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. அதே திருச்சபை 2008 முதல் 2023 வரை ஸ்மித்தின் ஆவணங்களைத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்து இணையத்திலும் இலவசமாக வைத்திருக்கிறது.

அந்த நான்கு பேரின் குறிப்புகளும் அங்கே கிடைக்கும். முதல் மாதம் வேறெதையும் தொடாமல், பிதா பூமியில் வாழ்ந்ததைப் பற்றிய வரிகளை மட்டும் ஒரு பெரிய தாளில் நான்கு பத்திகளாக எழுதி, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று அடிக்கோடிடுங்கள். அந்தத் தாளோடு நெறியாளரை மறுபடி போய்ப் பாருங்கள்.